வாரிச்சுருட்டி

டோங்காவும் சமோவாவும் ரக்பி ஆடிக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் லெசியேலி தன் தம்பி வீட்டு டிவியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

தீவிலேயே பெரிய டிவி அது. மனாசேயின் மச்சினன் நியூசிலாந்திலிருந்து கப்பலில் போட்டு அனுப்பியது. ஊர் ஆண்களில் பாதிப் பேர் அன்று மனாசே வீட்டுக் கூடத்தில் கவா என்கிற வேர்ச்சாறு கரைத்த சட்டியைச் சுற்றிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது. நிமிர்ந்து பார்த்த மனாசே, குடித்துக்கொண்டிருந்த சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பின்வாசல் வழியாக வெளியே போனான். அக்கா ஒரு அறைக்குள் வந்தால் தம்பி அங்கே இருக்கக் கூடாது. டோங்காவின் ஹாபாய்த் தீவுகளில் இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. மீசை முளைக்கும் முன்பே பையன்களுக்குப் பழகிவிடும். ஒரே பாயில் உட்காரக் கூடாது, ஒரே படம் பார்க்கக் கூடாது, உடம்பைப் பற்றியோ நோயைப் பற்றியோ ஒருவரிடம் ஒருவர் வாய் திறக்கக் கூடாது. தம்பி எவ்வளவு பெரிய ஆளானாலும் அக்கா ஒரு படி மேலே. தம்பியின் பிள்ளைகளுக்கு அவள் ஃபாஹூ. அந்த வீட்டில் அவள் கை எதன்மேல் விழுகிறதோ அது அவளுடையது. ஏன் என்று கேட்கவும் முடியாது, தரமாட்டேன் என்று சொல்லவும் முடியாது.

லெசியேலி கூடத்துக்குள் வந்து நின்றாள். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, அகலமான தோள், பாறை இடுக்கில் கைவிட்டுப் பேய்க்கணவாய் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். மனாசேயின் மகன் சாட்டேகியைப் பார்த்து டிவியைக் கண்ணால் காட்டினாள்.

"கழட்டுடா அத."

"அத்தை, இன்னும் கொஞ்ச நேரந்தான். ஆட்டம் முடிஞ்சதும் நானே கொண்டாந்து மாட்டிக் குடுத்துடறேன்."

"ஆட்டம் என் வீட்லயும் ஓடும். கழட்டு."

"சமோவாக்காரன் ரெண்டு பாயின்ட்டு முன்னால இருக்கான் அத்தை!"

"அப்ப நீ பாக்காம இருக்கறதுதான் நல்லது."

கழற்றினான். வேறென்ன செய்வான்? டிவி தள்ளுவண்டியில் ஏறியது. பின்னாலேயே ஊர் ஆண்களும் கவாச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலமாகப் போனார்கள். மீதி ஆட்டத்தை அவள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். மனாசே மட்டும் தன் வீட்டுப் ஈரப்பலா மரத்தடியில் தனியாக உட்கார்ந்து, போகிற வருகிற குழந்தைகளிடம் "இப்ப எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் அந்த ஒரு காரியத்துக்கு ஊரில் எத்தனை சொல் புழங்கியது தெரியுமா! சபைப் போதகர் "லெசியேலி பெற்றுக்கொண்டார்" என்றார். வயதான ஆண்கள் "எடுத்துக்கிட்டா" என்றார்கள். மனாசேயின் மனைவி கலொலைனே "பிடுங்கிட்டா" என்று சொல்லி முந்தானையில் மூக்கைச் சிந்தினாள் என்று எழுத ஆசைதான். அங்கே முந்தானை ஏது, சட்டைக் கையில் சிந்தினாள். இளவட்டங்கள்தான் உள்ளதிலேயே நல்ல பேராக வைத்தார்கள்: வாரிச்சுருட்டி. அந்தப் பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. லெசியேலியின் காதிலும் விழுந்தது. சிரித்தாள்.

"சுருட்டறதுக்கு அங்க இன்னும் நெறைய இருக்குன்னு போய்ச் சொல்லு" என்று சொன்னவனிடமே சொல்லி அனுப்பினாள்.

அவள் நல்லவள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கதைக்கு வேறு ஆளைப் பாருங்கள். ஆனால் அவளைத் திட்டியவர்கள் ஒன்றை வசதியாக மறந்துபோனார்கள், அதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

லெசியேலி பெரிய தீவுப் பள்ளிக்கூடத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்துகொண்டிருந்தவள். அவளுக்கு இரண்டு வயது இளையவன் மனாசே. அவனுக்கும் அங்கே தங்கிப் படிக்கும் வயது வந்தபோது, ஒரு பிள்ளையைத்தான் அங்கே வைத்துப் பார்க்க முடியும் என்று அப்பா கணக்குப் போட்டார். ஒரு நாள் பள்ளிக்கூட வேலிக்கு வெளியே வந்து நின்று, "துணியெல்லாம் எடுத்துக்கிட்டு வா" என்றார். அவ்வளவுதான். வந்தாள். அன்றிலிருந்து தாழை ஓலை சீவி, காயவைத்து, பாய் முடைய உட்கார்ந்தாள். அதற்கு ஊர் என்ன பேர் வைத்தது? "தம்பிக்காகப் படிப்ப விட்டுக்குடுத்துச்சு அந்தப் பொண்ணு." விட்டுக்கொடுக்கிறாயா என்று அவளை ஒரு வாய் கேட்டவர் யாரும் இல்லை. கையில் இருந்ததைப் பறித்துவிட்டு, பறிகொடுத்தவளுக்கே தியாகிப் பட்டம் கட்டுகிற இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா போன பிறகு வள்ளிக்கிழங்குத் தோட்டமும் வீட்டுமனையும் மகனுக்குப் போயின. சட்டம் அப்படி, பெண்ணுக்கு நிலம் கிடையாது. சட்டம் பறித்தது என்று யாரும் சொல்லவில்லை. எயுவா தீவிலிருந்து ஒருவன் அவளைக் கட்டித் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். ஆப்பிள் பறிக்க நியூசிலாந்து போனான், ஒரு பருவம், இன்னொரு பருவம், அப்புறம் அங்கேயே ஒருத்தியோடு இருந்துவிட்டான். "பாவம், அவன் வேற வாழ்க்கை அமைச்சுக்கிட்டான்" என்றார்கள். அவள் தைத்துச் சம்பாதித்த மிஷினையும் முடைந்த பாய்களையும் அவன் வீட்டார் வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பேரே இல்லை.

வெறுங்கையோடு சொந்த ஊருக்கே திரும்பிப் படகிலிருந்து இறங்கினாள். மனாசே தன் மனையின் கடற்கரை ஓரத்தில் அவளுக்குத் தகரக் கூரை போட்டு ஒரு சின்ன வீடு கட்டித் தந்தான். நேரில் வந்து தரவில்லை, மகனை அனுப்பிச் சாவியைத் தந்தான். தங்கமான மனுஷன், கேட்டிருந்தால் எதையும் தந்திருப்பான். அவளுக்குத்தான் கேட்க மனம் வரவில்லை. கேட்டால் அது தர்மம் ஆகிவிடும் அல்லவா? மறுநாள் காலை தம்பி வீட்டு வேலிக்கருகே போய் நின்றாள். மேய்ந்துகொண்டிருந்த பன்றிகளில் கொழுத்த ஒன்றைப் பார்த்து, "அது" என்றாள். அரைமணி நேரத்தில் அந்தப் பன்றி கால் கட்டப்பட்டு அவள் வாசலில் கிடந்தது. யாரும் அவளை நன்றி சொல்லச் சொல்லவில்லை. யாரும் அவளைப் பாவம் என்று பார்க்கவில்லை. முகத்தைச் சுளித்தார்கள், பயந்தார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அதற்கப்புறம் கை ஓயவில்லை. ரேடியோ, சைக்கிள், திருவிழாவுக்கென்று வைத்திருந்த வள்ளிக்கிழங்கில் நீளமானது, மனாசே போதகருக்கென்று எடுத்து வைத்த, சபைக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் பாய். ஒரு தடவை அடுப்பில் வெந்துகொண்டிருந்ததைச் சட்டியோடு தூக்கினாள். இதெல்லாம் சிரிப்பாகச் சொல்லலாம். ஒன்றை மட்டும் சிரிப்பாகச் சொல்ல முடியாது. கலொலைனே தன் மகள் ஃபிஃபீட்டாவின் கல்யாணத்துக்கென்று இரண்டு வருஷம் உட்கார்ந்து ஒரு வெள்ளைப் பாய் முடைந்தாள். துணி தோற்கும், அவ்வளவு மெல்லிசு. ஓலையைக் கடலில் ஊறப்போட்டு, வெயிலில் வெளுக்கவைத்து, நகத்தால் கிழித்து, முடைந்து முடைந்து அவள் கண்ணே மங்கிப்போயிற்று. கல்யாணத்தன்று அதை விரித்ததும் ஊரே வாயடைத்துப்போனது. லெசியேலி எழுந்து வந்தாள், குனிந்தாள், சுருட்டினாள், தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

அது அநியாயம். உரிமை இருந்தது, ஆனாலும் அநியாயம். அவளிடமே ஒருத்தி கேட்டும் விட்டாள்.

"ஏண்டி, அது அவ கண்ணப் போட்டு முடைஞ்ச பாயி. அத எடுக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"எம் படிப்ப எடுத்தப்போ எங்கப்பாவுக்கு எப்படி மனசு வந்துச்சோ, அப்படித்தான்" என்றாள் லெசியேலி.

கலொலைனே அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினாள். எதிரில் வந்தால் கடலைப் பார்ப்பாள். தீவு சின்னது, கடலைப் பார்ப்பதற்குப் பஞ்சமில்லை.

பல வருஷம் கழித்து அதே கலொலைனே ஒரு மத்தியானம் லெசியேலி வீட்டுப் படியில் வந்து நின்றாள். லெசியேலி வாசலில் உட்கார்ந்து பேய்க்கணவாயைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தாள். அடிப்பதை நிறுத்தவில்லை.

"அண்ணி."

"வழி தவறி வந்துட்டியா?"

"அந்தப் பாய நான் இன்னும் மன்னிக்கல" என்றாள் கலொலைனே. "அது வேற. அதுக்காக வரல."

"மன்னிக்க வேண்டாம். எதுக்கு வந்தே?"

கலொலைனே அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். "அவருக்குக் கால்ல புண்ணு."

லெசியேலியின் கை நின்றது. தம்பியின் உடம்பைப் பற்றி அவள் காதில் யாரும் பேசக் கூடாது. அது தம்பிக்கு அவமானம். கலொலைனே அதைத் தெரிந்துகொண்டேதான் பேசினாள்.

"கட்டை விரல்ல ஆரம்பிச்சுது. சர்க்கரை வியாதி. டாக்டரு மாத்திரை குடுத்தாரு, வாயக் கட்டச் சொன்னாரு. மாத்திரையும் தின்னல, வாயும் கட்டல. ஆட்டு விலாக்கறி இல்லாட்டி சோறு எறங்காதுங்கறாரு. நான் ஒளிச்சு வெச்சா தேடித் தின்றாரு. நான் சொன்னா 'வீட்டுக்கு யாரு ஆம்பள'ங்கறாரு. இலைச்சாறு வெச்சுக் கட்டிக்கிட்டு, செருப்ப மாட்டிக்கிட்டு, யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. நாத்தம் அடிக்குது அண்ணி."

"என்கிட்ட என்னத்துக்குச் சொல்றே? நான் அவன்கிட்டப் பேச முடியுமா?"

"பேச வேண்டாம். நீங்க என்னிக்குப் பேசுனீங்க? வந்து எடுங்க."

"என்னத்த?"

"எல்லாத்தையும். கறிய, சீனிய, பிஸ்கட்டு டப்பாவ. நான் எடுத்தா சண்டைக்கு வருவாரு. நீங்க எடுத்தா அவரால ஒண்ணும் பண்ண முடியாது." கலொலைனே எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். "என் வீட்ட அடிக்கடி கொள்ளையடிச்சுப் பழக்கந்தானே உங்களுக்கு? இந்தத் தடவ நல்லா அடிங்க."

மறுநாளிலிருந்து ஊர் ஒரு கூத்தைப் பார்த்தது. கடையில் மனாசே டின் மாட்டுக்கறி வாங்கி வீட்டில் வைப்பான். அலமாரியில் அது ஒரு பொழுது தங்காது. ஐஸ்பெட்டியில் விலாக்கறி விழுந்த அன்றே தள்ளுவண்டி வாசலில் கிறீச்சிடும். மனாசே பின்வாசலால் போவான், லெசியேலி முன்வாசலால் வந்து வழித்துத் துடைத்துக்கொண்டு போவாள். சீனி டப்பாவைத் தட்டிப் பார்த்து, ஒட்டியிருந்ததையும் கொட்டிக்கொண்டு போனாள். எடுத்ததை என்ன செய்தாள் என்றால், தின்றாள். அதையும் மறைப்பானேன்? விலாக்கறியைச் சேப்பங்கிழங்கு இலையில் பொதிந்து தேங்காய்ப்பால் ஊற்றி மண் அடுப்பில் வேகவைத்து, மணக்க மணக்கத் தின்றாள். பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள், மீதியில் தானும் ஒரு சுற்றுப் பெருத்தாள்.

தண்ணீர்த் தொட்டியடியில் வைசிமா என்று ஒருத்தி, நாலு பேர் கேட்க ஆரம்பித்தாள். "கூடப் பொறந்தவன் நொண்டி நொண்டி நடக்கறான். இவ அவன் வாய்ல போறத வழிச்சுத் திங்கறா. இப்படியும் ஒரு அக்காளா?"

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கலொலைனே வந்ததை, புண்ணை, டாக்டர் சொன்னதை. ஊர் அப்படியே மாறி அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருக்கும். ஆனால் தம்பியின் காலைப் பற்றி நடுத்தெருவில் வாய் திறப்பதா? லெசியேலி வாளியை நிரப்பித் தூக்கினாள்.

"ஆமாடி, வழிச்சுத்தான் திங்கறேன். நாளைக்கும் போவேன். தைரியம் இருந்தா வாசல்ல வந்து நின்னு தடு."

யாரும் வரவில்லை. அவள் போய்க்கொண்டே இருந்தாள்.

ஆனால் வீட்டுக்கு வெளியே அவள் கை நீள முடியுமா? சபையில் மூப்பராக இருந்தவன் மனாசே. ஞாயிறு விருந்து, பிறந்தநாள் விருந்து, செத்த வீட்டு விருந்து என்று எங்கே போனாலும் தலைவாழை மரியாதையாக முதல் துண்டு அவனுக்குத்தான். புண் விரலிலிருந்து பாதத்துக்கு ஏறியது, பாதத்திலிருந்து கணுக்காலுக்கு. செருப்பு போட முடியாமல் போனது. அப்புறம் அவன் வெளியே வருவதே நின்றது.

அந்த வாரம் தலைநகரிலிருந்து அறுவை டாக்டர்கள் பெரிய தீவு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். சனிக்கிழமை சாயங்கால விமானத்தில் கிளம்பிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே விமானமும் பறக்காது, படகும் ஓடாது, கர்த்தருடைய நாள். ஆக சனிக்கிழமையை விட்டால் மனாசேயை விட்ட மாதிரிதான். நர்ஸ் ஒருத்தி படகில் வந்து காலைப் பார்த்துவிட்டு, கலொலைனேயிடம் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனாள். மனாசே அசையவில்லை. "முழு உடம்போட பொறந்தேன், முழு உடம்போட போய்ச் சேர்றேன்" என்று சொல்லி உள்ளறையில் பாயில் படுத்துத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டான். சனிக்கிழமை காலை போதகரும் சபை ஆண்களும் கூடத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாட ஆரம்பித்தார்கள். சாகப்போகிறவன் வீட்டில் பாடுகிற பாட்டு.

லெசியேலி வந்தாள். இந்தத் தடவை தள்ளுவண்டி இல்லை. பாட்டு ஓய்ந்தது.

போதகர் நல்ல மனிதர். எழுந்து வழிவிட்டு, "என்னம்மா வேணும்?" என்றார். குரலில் கொஞ்சம் அலுப்பும் இருந்தது. இந்த நேரத்திலுமா என்கிற அலுப்பு. "பாயெல்லாம் அந்த ரூம்புல இருக்கு. வேணுங்கறத எடுத்துக்கிட்டுப் போங்க, நாங்க ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கோம்."

"பாய் வேண்டாம். அவன எடுத்துட்டுப் போக வந்துருக்கேன்."

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஒரு பெரியவர் தலையை ஆட்டினார். "ஆள எடுக்கற வழக்கம் எங்கயும் இல்ல லெசியேலி."

"பன்னிய எடுத்தேன், பாய எடுத்தேன், கொதிக்கற சட்டிய எடுத்தேன். அப்பல்லாம் வழக்கம் வழக்கம்னு தலையக் குனிஞ்சீங்க. இப்ப மட்டும் வழக்கம் எங்க ஓடிப்போச்சு?"

"அவரே வரமாட்டேங்கறாரும்மா" என்றார் போதகர். "அவரு உசுரு கர்த்தர் கையில இருக்கு."

"கர்த்தர் கையிலேர்ந்து நான் எதையும் பிடுங்கல. உங்க கையிலேர்ந்துதான் பிடுங்கறேன்."

உள்ளறையிலிருந்து மனாசேயின் குரல் வந்தது. காய்ச்சலில் உடைந்த குரல். "அக்கா, உள்ள வராதே."

தம்பி படுத்திருக்கிற அறைத் திரையை அக்கா விலக்குவதா? அதைவிட அவள் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு நடுத்தெருவில் நடக்கலாம். அப்படிப்பட்ட காரியம் அது. அவமானம் அவனுக்கு இல்லை, அவளுக்கு. ஃபாஹூ என்று அவளுக்கு இருக்கிற அத்தனை உரிமையும் அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் நிற்பதால்தான் அவளுக்குக் கிடைத்தது. தாண்டிவிட்டால் நாளைக்கு ஒரு பன்றிக்குட்டியைக்கூட அவளுக்கு யாரும் தரவேண்டியதில்லை. அது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

"வரப்போறேன்டா" என்றாள். "நான் உள்ள வந்தா நீ என்ன பண்ணணும்னு உனக்குத் தெரியும்."

"அக்கா!"

"நான் வர்ற எடத்துல நீ இருக்கக் கூடாது. இருக்கப் போறியா?"

லெசியேலி திரையைப் பிடித்து இழுத்தாள். கம்பியோடு பிய்ந்து கையில் வந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு உள்ளே காலை வைத்தாள்.

உள்ளே பெரிய சத்தம் கேட்டது. பாயைப் பிறாண்டிக்கொண்டு ஒரு பெரிய உடம்பு எழுந்த சத்தம், வலியில் ஒரு அலறல், சுவரில் மோதிய சத்தம், பின்கதவு திறந்து அடித்த சத்தம். மனாசே ஓடிவிட்டான். அழுகிய காலோடு, சுவரைப் பிடித்து, ஒற்றைக்காலில் குதித்து, பின்வாசலால் ஓடிவிட்டான். வேண்டுமென்றால் அவன் அப்படியே கிடந்திருக்கலாம், யாரால் என்ன செய்திருக்க முடியும்? சாவுக்குப் பயப்படாதவன் அக்காவோடு ஒரே அறையில் இருக்கப் பயந்தான். இல்லை, சாவுக்கும் பயந்துபோய், வெளியே வர ஒரு சாக்குக்குக் காத்துக்கொண்டுதான் அங்கே படுத்திருந்தானோ என்னவோ. அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை.

பின்வாசலைத் திறந்தால் கடற்கரை. படியில் சாட்டேகி நின்றான். விழப்போன அப்பனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். படகில் கலொலைனே போர்வையும் தலையணையுமாகத் தயாராக உட்கார்ந்திருந்தாள். இத்தனையும் லெசியேலியும் கலொலைனேயும் சாட்டேகியும் முன்கூட்டியே பேசி வைத்த வேலை. பல வருஷம் பேசாமல் இருந்த நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் அன்று விடியற்காலையில் எத்தனை பேச வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சபை ஆண்கள் மணலில் ஓடிவந்தார்கள். "டேய் சாட்டேகி! எறக்குடா அப்பாவ! வேண்டாங்கற மனுசன இப்படியா இழுத்துட்டுப் போறது?"

சாட்டேகி தயங்கினான். பெரியவர்கள் சொல்லித் தட்டிப் பழகாதவன். அப்போது பின்வாசல் வழியாக லெசியேலி வந்தாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பாவாடை நனைய நடந்து, படகின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

கரையில் நின்றவர்களைப் பார்த்து, "இது நான் எடுத்த பொருளு. யாருக்காவது வேணும்னா வந்து என் கையிலேர்ந்து எடுங்க, பாப்போம்" என்றாள்.

தண்ணீரில் ஒருவனும் காலை வைக்கவில்லை. போதகர் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சாட்டேகி மோட்டாரை இழுத்துவிட்டான்.

மனாசே பிழைத்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்களை இதற்குமேல் காக்க வைக்க எனக்கு மனசில்லை. மத்தியானமே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் கட்டைக்கால் வைத்துத் தோட்டத்துக்குப் போகிறான், வாயையும் ஒரு மாதிரி கட்டுகிறான். லெசியேலிக்கு ஊரில் பழைய மரியாதை போய்விட்டது. "திரையக் கிழிச்சவ" என்று இன்னும் முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, அவள் கை காட்டினால் பன்றியையும் கட்டிக்கொண்டு வந்து போடுகிறார்கள். அதற்கு என்ன வழக்கம் என்று எனக்கும் தெரியாது.

ஆனால் அந்தப் படகுப் பயணத்தைச் சாட்டேகி ஒரு தரம் கவா குடித்த வாயோடு சொன்னான். அதைச் சொல்லித்தான் இதை முடிக்க வேண்டும்.

படகு சின்னது. அதில் பின்வாசல் கிடையாது. விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரே பாயில் உட்காராத அக்காவும் தம்பியும் ஒரே பலகைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். லெசியேலி முன்னால் பார்த்தபடி தம்பிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மனாசே கலொலைனேயின் மடியில் தலையை வைத்து வானத்தைப் பார்த்தபடி படுத்திருந்தான். படகு பவழப் பாறையைத் தாண்டியது. அலை தூக்கிப் போட்டபோதெல்லாம் அவன் முனகினான். முனகல் கேட்டபோதெல்லாம் அவள் தோள் குலுங்கியது, ஆனால் திரும்பவில்லை. பெரிய தீவின் தென்னை மரங்கள் தெரிய ஆரம்பித்தன. அப்போது மனாசே வாயைத் திறந்தான். தன் உடம்பைப் பற்றி அக்காவிடம் அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

"அக்கா."

அவள் தலை லேசாக அசைந்தது.

"கால எடுத்துருவாங்கக்கா."

கலொலைனே முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். லெசியேலி முன்னால் பார்த்தபடியே, மோட்டார் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"எடுக்கட்டும். மிச்சம் எனக்கு வேணும்."